மட்டமும் வாட்டமும்

தமிழில் 'மட்டம்' என்ற சொல்லுக்கு விந்தையான ஓர் இரட்டை வாழ்வு உண்டு. கொத்தனார் தளம் போட்டு முடித்ததும் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறார். 'மட்டமாக இருக்கிறது' என்று அவர் சொன்னால், வேலை சரியாக அமைந்துவிட்டது என்று பொருள். அதே சொல்லைக் கடைத்தெருவில் ஒரு துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒருவர் சொன்னால், தரம் குறைந்தது என்று பொருள். மேடு பள்ளம் இல்லாமல் இருப்பது சிறப்பா, குறையா? இதை நம் மொழியே இன்னும் முடிவு செய்யவில்லை போலும்!

நம்மைச் சுற்றித் தட்டையான பொருள்கள்தாம் எத்தனை! உண்ணும் தட்டு, சப்பாத்தி தேய்க்கும் பலகை, தோசைக்கல், பண்டிகைக்குச் செய்யும் தட்டை, எழுதும் தாள், ரயில் நிலையத்துப் பிளாட்பாரம், மொட்டை மாடி, உப்பளம், நெல்வயல், சமவெளி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நகரங்களில் வீட்டுக்கே 'பிளாட்' என்று பெயர் வந்துவிட்டது. அச்சொல்லின் மூலமான பழைய ஆங்கிலச் சொல்லுக்குத் தரை என்பதே பொருள். இவையின்றி ஒரு நாளும் நாம் வாழ இயலாது. ஆயினும், தட்டை என்பதை யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. உப்பில்லாத பண்டம் 'சப்பென்று' இருக்கிறது என்கிறோம். உயிரில்லாத பேச்சைத் தட்டையான பேச்சு என்கிறோம்.

ஆன்மிக வாழ்வை நாடுவோருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயம், வெற்றியிலும் தோல்வியிலும் சமமாக இருப்பதையே யோகம் என்று கூறுகிறது. இதைப் படிக்கும் இளைஞர் ஒருவர், 'அப்படியானால் யோகி என்பவர் எதற்கும் மகிழாதவர், எதற்கும் வருந்தாதவர்தானா? அத்தகைய சப்பென்ற வாழ்வை நான் ஏன் விரும்ப வேண்டும்?' என்று கேட்கக்கூடும். இது நியாயமான கேள்வி. இதைவிடக் கவலைக்குரியது மற்றொன்று உண்டு. பிறருடைய துன்பத்தைக் கண்டும் நெகிழாத மனத்தை வைத்துக்கொண்டு, 'நான் சமநிலையை அடைந்துவிட்டேன்' என்று ஒருவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளுதல். சமநிலை எது, மரத்துப்போன மனம் எது என்று பிரித்தறிவது எவ்வாறு? நாம் நாள்தோறும் காணும் தட்டையான பொருள்களிடமே இதற்கு விடை கேட்டுப் பார்ப்போம்.

மலை தந்த சமவெளி

வட இந்தியாவில் ரயிலில் பயணம் செய்தவர்கள் கங்கைச் சமவெளியைக் கண்டிருப்பார்கள். மணிக்கணக்காக வண்டி ஓடினாலும் ஒரு குன்றுகூடத் தென்படாது. தென்னாட்டிலிருந்து முதன்முறையாகச் செல்பவருக்கு இது சலிப்பூட்டும் காட்சியாகத் தோன்றலாம். ஆனால், அந்தச் சமவெளி எங்கிருந்து வந்தது? கங்கையும் யமுனையும் அவற்றின் துணையாறுகளும் இமயத்தின் பாறைகளை அரைத்து, வண்டலாகச் சுமந்துவந்து, இலட்சக்கணக்கான ஆண்டுகள் பரப்பியதே அந்த நிலம். சில இடங்களில் அந்த வண்டல் படிவின் கனம் கிலோமீட்டர் கணக்கில் இருக்கிறது. மலை தன்னைக் கரைத்துக் கொடுத்ததால்தான் கோடிக்கணக்கான மக்களுக்குச் சோறு போடும் வயல்வெளி உண்டாயிற்று. உயரம் இல்லாத இடம் என்று நாம் நினைப்பது, உயரத்தை வழங்கிவிட்ட இடம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நமது ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளது என்று எழுதியிருப்பார்கள். தில்லி ஏறத்தாழ 215 மீட்டர் உயரத்தில் உள்ளது. ரயில் பாதையில் ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் கிழக்கே உள்ள பாட்னா ஏறத்தாழ 53 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதாவது, ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குச் சராசரியாக ஒரு சாண் சரிவுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு சரிவு இல்லாவிட்டால் ஆறுகள் கடலைச் சென்று சேர மாட்டா, நாடே சதுப்பாகிவிடும். தட்டை என்று நாம் நினைத்த சமவெளிக்குள்ளும் ஒரு சாய்வு இருந்து கொண்டு உயிர் காக்கிறது. இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்வோம்; பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

சமன் என்பது உழைப்பு

சமமான இடம் தானாக அமைவதில்லை. நெல்வயலை உழுது சேறாக்கிய பின் உழவர் பரம்பு அடிக்கிறார். மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்புகிறார். ஏன்? மேடாக உள்ள இடத்தில் தண்ணீர் நில்லாமல் களை முளைக்கும். பள்ளமான இடத்தில் நாற்று மூழ்கி அழுகும். மட்டமான வயலில்தான் எல்லா நாற்றுக்கும் ஒரே அளவு நீர் கிடைக்கிறது. பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் 2000-க்குப் பின் லேசர் ஒளிக்கற்றையின் துணையால் நிலத்தைச் சமன்செய்யும் கருவி பரவியது. அதனால் பாசன நீர் மிச்சமாகிறது என்பதை உழவர்கள் கண்டறிந்தனர். கருவி மாறினாலும் தத்துவம் ஒன்றே. பயிர் வளர்வதற்காகவே வயல் சமன்செய்யப்படுகிறது. பரம்பு அடித்த வயலைப் பார்த்து, 'இது உயிரற்ற இடம்' என்று எந்த உழவரும் சொல்ல மாட்டார்.

குஜராத்தில் கட்ச் சிறு ரண் பகுதியில் அகரியா மக்கள் உப்பு விளைவிக்கிறார்கள். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கிச் சமப்படுத்திய பிறகே, நிலத்தடியிலிருந்து இறைத்த உவர்நீரை அதில் பாய்ச்சுகிறார்கள். மழைக்காலம் வந்தால் ரண் முழுவதும் நீரில் மூழ்கிவிடும், பாத்திகள் கரைந்துபோகும். மழை ஓய்ந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 'போன ஆண்டு சமன்செய்தோமே' என்று அவர்கள் உட்கார்ந்துவிட முடியாது. மனச் சமநிலையும் இத்தகையதே. ஒருமுறை தியானத்தில் கிட்டிய அமைதி, வாழ்வில் ஒரு பெருமழை அடித்தால் கரைந்துபோவது இயல்பு. அதற்காக மனம் தளர்வது தேவையற்றது; மறுபடியும் காலை ஊன்றி மிதிக்கத் தொடங்குவதே சாதனை.

சமையலறையிலும் இதற்குச் சான்று உண்டு. புல்கா சுடும் தாய்மார்களைக் கேளுங்கள். மாவு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் புல்கா சரியாக உப்புவதில்லை. எங்கும் ஒரே கனமாகத் தேய்த்தால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி எல்லாப் பக்கமும் ஒருசேரத் தள்ள, அது பந்துபோல் எழுகிறது. சீராகத் தேய்க்கப்பட்டதற்கே எழும் ஆற்றல் உண்டு.

அலையும் அடிக்கோடும்

'சரி, வயலும் உப்பளமும் உயிரற்ற பொருள்கள். உணர்ச்சியுள்ள மனிதன் எவ்வாறு சமமாக இருக்க முடியும்?' என்று கேட்கலாம். நம் இதயமே இதற்கு விடை கூறுகிறது.

இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் முறையை உருவாக்கியதற்காக ஐந்தோவன் என்ற டச்சு அறிஞருக்கு 1924-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று எந்த மருத்துவமனையிலும் அந்த ஈசிஜி வரைபடத்தைக் காணலாம். அதில் கோடு முற்றிலும் தட்டையாக ஓடினால் என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும், இதயம் நின்றுவிட்டது. உயிருள்ளவரின் கோட்டில் அலைகள் எழுகின்றன, விழுகின்றன. ஆனால், ஒவ்வோர் அலையும் எழுந்து தணிந்த பின் ஓர் அடிக்கோட்டுக்குத் திரும்பி வருகிறது. அலை இல்லாமை மரணம். திரும்பி வர ஓர் அடிக்கோடு இல்லாமை நோய். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், வெளியே விடும்போது சற்றுத் தணிவதும்கூட நலமான இதயத்தின் இயல்பே.

எனவே, சமநிலை வாய்ந்தவருக்கு மகிழ்ச்சியும் துயரமும் எழுவதே இல்லை என்று கருதுவது தவறு. அவை எழும், எழுந்து தம் இடத்துக்குத் திரும்பும். நம்மைப் போன்றோரிடம் காலையில் எழுந்த கோபம் மாலை வரை இறங்குவதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் பட்ட அவமானம் இன்றும் அடங்குவதில்லை. வேறுபாடு அலையில் இல்லை, திரும்பி வருவதில் இருக்கிறது.

எங்கே திரும்புவது என்பதைக் கடல் காட்டுகிறது. உலகில் உள்ள உயரங்களையெல்லாம் கடல் மட்டத்தை அடிப்படையாகக் கொண்டே அளக்கிறோம். ஆனால், அந்தக் கடலும் கணிதப்படி சீரான பரப்பு அன்று. இலங்கைக்குத் தெற்கே இந்துமாக் கடலின் ஒரு பகுதி, பூமியின் சீரான கணித வடிவத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அங்கே செல்லும் கப்பலில் இருப்பவர்கள் பள்ளத்தில் இறங்குவதாக உணர்வதில்லை. ஏனெனில், அந்தந்த இடத்தில் பூமி எவ்வாறு ஈர்க்கிறதோ அதற்கேற்பக் கடல் நீர் அமைந்து நிற்கிறது. கொத்தனாரின் ரசமட்டமும் தூக்குக்குண்டும் காட்டுவது இந்த ஈர்ப்பையே. ஆகவே மட்டம் என்பது ஒரு வடிவத்தின் பெயர் அன்று. மாறாத ஓர் ஈர்ப்புக்கு அடங்கி நிற்கும் நிலையின் பெயர். இறைவனிடமோ அறத்திடமோ அத்தகைய மாறாத ஈர்ப்பு ஒன்று இருந்தால்தான் மனம் ஓரிடத்தில் வந்து நிற்கும். அது இல்லாமல் வெறுமனே உணர்ச்சிகளை அமுக்கிவைப்பது சமநிலை ஆகாது.

மொட்டை மாடி சொல்லும் பாடம்

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். பிறர் துன்பத்தின் முன் சமநிலை என்ன செய்ய வேண்டும்?

வீடு கட்டியவர்கள் அறிவார்கள்: மொட்டை மாடி தட்டையாக இருந்தாலும் முற்றிலும் மட்டமாக இருக்கக் கூடாது. பத்தடிக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்ற அளவில் மழைநீர்க் குழாயை நோக்கிச் சரிவு வைப்பார்கள். கட்டட வேலை செய்வோர் இதற்கு 'வாட்டம்' என்று பெயர் சொல்வார்கள். வாட்டம் இல்லாத மாடியில் மழைநீர் தேங்கும். தேங்கிய நீர் மெல்ல மெல்லத் தளத்துக்குள் இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, கீழே இருப்பவர் தலையில் சொட்டும்.

வாட்டம் என்ற சொல்லுக்கு மற்றொரு பொருளும் நமக்குத் தெரியும். பயிர் வாடுவதும், முகம் வாடுவதும், மனம் வாடுவதும் வாட்டமே. ஒரே சொல்லில் இவ்விரண்டும் அமைந்திருப்பது நமக்கு ஒரு பாடமாகட்டும். மட்டமான மனத்துக்கும் ஒரு வாட்டம் வேண்டும். பிறர் துன்பத்தை நோக்கிச் சாயும் அந்தச் சிறு சரிவு இல்லாத சமநிலை, நீர் தேங்கிய மாடியைப் போன்றது. மேலே பார்த்தால் அசைவற்ற தெளிந்த நீர். உள்ளே கட்டடம் கெட்டுக்கொண்டிருக்கும்.

இசையிலும் இதே உண்மை விளங்குகிறது. தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரை பார்வைக்குத் தட்டையாகத் தோன்றும். உண்மையில் அதற்கு மிக மெல்லிய வளைவு உண்டு. அதன் மேல் தந்திக்கு அடியில் ஒரு நூலிழையை வைத்து இசைவாக நகர்த்தினால்தான் ஒலிக்கு உயிர் வருகிறது; அந்த நூலுக்கு 'ஜீவா' என்றே பெயர். கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த சர் சி. வி. ராமன், நமது வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரை அமைப்பால் மேற்சுரங்கள் எவ்வாறு செழிக்கின்றன என்பதை 1921-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். சுருதி மாறாமல் ஒலிப்பதும் வேண்டும். அதற்குள் ஜீவன் இருப்பதும் வேண்டும்.

கீதையும் சமத்துவத்தை இரண்டாம் அத்தியாயத்தோடு விட்டுவிடவில்லை. ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன், பிற உயிர்களின் இன்பதுன்பங்களைத் தன்னுடையவையாகவே காண்பவன்தான் யோகிகளுள் சிறந்தவன் என்ற கருத்தைச் சொல்கிறான். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமை பெறுகிறது. நமக்கு வரும் இன்பதுன்பத்தில் மட்டம். பிறருக்கு வரும் துன்பத்தை நோக்கி வாட்டம்.

தலைகீழாகும் சமநிலை

ஆனால், நடைமுறையில் நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை எண்ணிப் பாருங்கள். எதிர் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்படுகிறோம். 'எல்லாம் அவரவர் வினை. நாம் என்ன செய்ய முடியும்?' என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறோம். மறுநாள் நம்முடைய வண்டியில் ஒரு கீறல் விழுந்திருந்தால், குடியிருப்பே அதிரும்படி குரல் எழுப்புகிறோம். பிறர் துன்பத்தில் வேதாந்தம். நம் துன்பத்தில் ஆரவாரம். நம் சமநிலை மெய்யானதா என்று அறிய இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. நமக்கு இழப்பு வந்தபோது அந்த வேதாந்தம் எங்கே போயிற்று என்று நம்மை நாமே கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதே குடியிருப்பு நமக்கு ஓர் உண்மையையும் கற்றுத் தருகிறது. நம் வீட்டுத் தரை, கீழ் வீட்டாருக்குக் கூரை. மேல் வீட்டாரின் தரை, நமக்குக் கூரை. இடையில் இருப்பது ஒரே தளம்தான். 'என் தரை என்னுடையது' என்று யாரும் முழு உரிமை கொண்டாட முடியாது. நள்ளிரவில் நாம் நாற்காலியை இழுக்கும் ஒலி, கீழே காய்ச்சலில் படுத்திருக்கும் ஒருவரின் உறக்கத்தைக் கெடுக்கும். தனித்தனிக் கதவுகளுக்குப் பின்னால் வாழ்ந்தாலும் ஒருவர் மேல் ஒருவர் நின்றுகொண்டுதான் வாழ்கிறோம்.

இரண்டு ஐயங்கள்

இங்கு ஓர் ஐயம் எழலாம். பிறர் துன்பத்துக்கெல்லாம் மனம் சாய்ந்தால் நாமும் நிலைகுலைந்துவிட மாட்டோமா? அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் நோயாளிக்காக அழுதுகொண்டிருந்தால் கத்தி நடுங்காதா? உண்மைதான். அதனால்தான் வாட்டத்துக்கு அளவு உண்டு. பத்தடிக்கு ஓர் அங்குலச் சரிவில் நாம் நிற்கலாம், நடக்கலாம், வடாம் காயவைக்கலாம், கோடையில் பாய் விரித்துப் படுக்கலாம். நீர் மட்டும் போக வேண்டிய இடத்துக்குத் தானே போய்க்கொண்டிருக்கும். சரிவு மிகுந்தால் அந்த மாடியில் யாரும் நிற்க முடியாது. துன்பப்படுபவர் வந்து சாய்வதற்கு நாம் நிலையாக நிற்க வேண்டும். அவரை நோக்கிச் சற்றே சாய்ந்தும் இருக்க வேண்டும். தேர்ந்த மருத்துவரும் செவிலியரும் இவ்விரண்டையும் ஒன்றாகவே கற்றிருக்கிறார்கள்.

மற்றோர் ஐயம்: ஒரு பக்கம் சாய்வது நடுவுநிலைமைக்கு மாறானது ஆகாதா? எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துவதுதானே சமத்துவம்? மூன்று படிகளுக்கு மேல் வாயில் உள்ள ஓர் அலுவலகத்தைக் கருதுவோம். படிகள் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த அலுவலகம் மூடியே இருக்கிறது. நாம் 'சமதளம்' என்று எண்ணுவது பல வேளைகளில் நம்முடைய கால்கள் வழங்கிய தீர்ப்பு. அங்கே ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் ஒரு சாய்தளம் அமைத்தால்தான் வாயில் எல்லோருக்கும் பொதுவாகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2016-இல் இயற்றப்பட்ட சட்டமும் பொது இடங்களில் தடையற்ற வழியை வலியுறுத்துகிறது. வயலைச் சமன்செய்யும் உழவரும் எல்லா இடத்திலும் ஒரே அளவு மண்ணைக் கொட்டுவதில்லையே, பள்ளத்தில்தானே கொட்டுகிறார்!

அணையாத அடுப்பு

மட்டமும் வாட்டமும் ஒரே உள்ளத்தில் கூடி வாழ முடியும் என்பதற்கு நம் நாட்டில் சான்றோர் பலர் உண்டு. வடலூர் இராமலிங்க அடிகளார் உலகப் பற்றுகளை விட்ட துறவி. பொருளும் புகழும் அவரை அசைக்கவில்லை. அத்தகையவருக்குப் பயிரின் வாட்டமும் தம்முடைய வாட்டமாயிற்று. அந்த இரக்கம் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. 1867-ஆம் ஆண்டு வடலூரில் தருமச்சாலையாக உருவெடுத்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வருவோர் இன்றும் உண்கிறார்கள். தமக்கென ஒன்றும் வேண்டாத உள்ளத்திலிருந்துதான் அத்தனை நெடுங்காலம் ஓடும் அருள் பிறக்க முடியும். உள்ளே மட்டம் இல்லாமல் இரக்கம் மட்டும் இருந்திருந்தால், அது சில நாள் பொங்கி அடங்கியிருக்கும்.

அன்பர்களே, இதை நம் வாழ்வில் பழகுவதற்குப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை. நாள்தோறும் இரவில், படுக்கைக்குச் செல்லும் முன் இரண்டு கேள்விகளை நம்மிடம் கேட்டுக்கொள்வோம். 'இன்று எனக்கு நேர்ந்த நன்மை தீமைகளில் மனம் எவ்வளவு நேரத்தில் தன் இடத்துக்குத் திரும்பிற்று?' இது மட்டம் பார்ப்பது. 'இன்று யாருடைய வாட்டத்தைக் கண்டு நான் சிறிதேனும் அசைந்து ஒரு செயல் செய்தேன்?' இது வாட்டம் பார்ப்பது. முதல் கேள்விக்கு மட்டும் நல்ல விடை கிடைத்து, இரண்டாவதற்கு நெடுநாள் விடையே இல்லையென்றால், நம் மாடியில் நீர் தேங்குகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

கொத்தனார் தளத்தைப் பூசி முடித்தபின், ஒரு குடம் நீரை ஊற்றி அது எங்கே ஓடுகிறது என்று பார்ப்பார். நம் மனத்தின் மீதும் வாழ்க்கை நாள்தோறும் நீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டேயிருக்கிறது. அது தேங்கி நில்லாமல், தாகமுள்ள இடத்தை நோக்கி ஓடும்படி நம் உள்ளத்தை அமைத்துக்கொள்ள முயல்வோமாக.